பதினோராம் வரியில் ஒரு காலியிடம்

வியாழன்

காலை கம்பெனி பஸ்ஸில் ஒரு கவிதை படித்தேன். பக்கம் முழுக்க, வரி வரியாக, ‘இருக்கிறேன்’ என்ற ஒரே சொல். மூன்று முறை படித்தும் பிடிபடவில்லை.

பக்கத்து சீட்டில் ஸ்டெல்லா. ஃபேக்டரியில் எங்கள் லைனில் உதிரிபாகங்களில் குறை பார்ப்பவள். “இன்னாக்கா இது, ஒரே வார்த்தையவே அடிச்சி வெச்சிகீறாங்க?” என்று புத்தகத்தை வாங்கினாள். வேலையில் செய்வதுபோலவே வரிமேல் விரலை ஓட்டினாள். பதினோராம் வரியில் விரல் நின்றது.

“இங்க ஒண்ணு இல்லக்கா.”

ஆமாம். ஒரு சொல் அளவுக்கு வெறும் வெள்ளை. ஃபேக்டரி இருக்கும் ஒரகடம் வரும்வரை அவள் விரலை எடுக்கவில்லை. போன மாசம்தான் அவள் தம்பியை அடக்கம் செய்தார்கள்.

அழ வைக்கும் சொல் ஒன்றுகூட அந்தப் பக்கத்தில் இல்லை. ஒரே ஒரு சொல்லை எடுத்துவிட்டு இப்படிச் செய்ய முடியுமா?

இறங்கும்போது கேட்டாள்: “இத எழுதுனவங்க வூட்லயும் யார்னா போய்ட்டாங்களாக்கா?”

இத்தனை வருஷமாகக் கவிதை படிக்கிறேனாம் நான்.