மின்தடை ரத்தான நாள்

இன்று காலை பாலைப் பொங்கவிட்டு அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மின்விசிறி நின்றது. மேசைக்கடியில் யூபிஎஸ் கீச்கீச்சென்று கத்தத் தொடங்கியது. எங்கள் பகுதிக்கு மாதாந்திர மின்தடை என்று நேற்றே செய்தித்தாளில் போட்டிருந்தார்கள், பார்த்தும் மறந்துவிட்டேன். அந்தச் சத்தத்தோடு உங்கள் ஞாபகமும் வந்தது. நான் கூப்பிடவில்லை. நீங்கள் போன பிறகும், என்னைக் கேட்காமல்தான் வந்துகொண்டிருக்கிறீர்கள்.

சரவணம்பட்டியில் அந்தக் கம்பெனியில் நாம் ஒரே நாளில் சேர்ந்தோம். நம் வேலை என்னவென்று வீட்டில் சொல்லிப் புரியவைப்பதற்குள் எனக்குத் தாவு தீர்ந்துவிடும். என் அம்மாவுக்கு அதை நீங்கள்தான் புரியவைத்தீர்கள். "பஸ்ஸ டிப்போவுல நிறுத்தி ஆயில் மாத்தறாங்கல்லங்மா, அதேதானுங்க எங்க வேலையும். என்ன, எங்க பஸ்ஸெல்லாம் பம்பாய்ல நிக்குதுங்க. எதை எப்ப நிறுத்தோணும்னு இங்கிருந்தே எழுதிப்போடுவோம்." அம்மா அன்றிலிருந்து உங்களை "டிப்போக்காரத் தம்பி" என்றுதான் சொன்னாள்.

அவ்வளவுதான் வேலை. எந்த சர்வரை, எந்த நாளில், எந்த நேரத்தில் நிறுத்திப் புதுப்பிக்க வேண்டும் என்று கம்ப்யூட்டருக்குக் கோட் எழுதி வைப்போம். அப்படி எழுதப்பட்ட சர்வர்களுக்கு டார்கெட் என்று பெயர். நேரம் வந்ததும் கோட் தானாகப் போய் அவற்றை நிறுத்தும், அப்டேட் போடும், மறுபடி எழுப்பிவிடும். அந்தப் பக்கம் யார் வேலை செய்கிறார்கள், யார் தலை உருள்கிறது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. டார்கெட்டில் இருந்தால் நிறுத்தும், இல்லாவிட்டால் விட்டுவிடும்.

நம் வாடிக்கையாளர்கள் எல்லோரும் இந்தப் பக்கத்துச் சின்னச் சின்ன முதலாளிகள். எப்போது நிறுத்தலாம் என்று கேட்டாலும் "இப்ப வேண்டாமுங்க, லோடு ஏறுது" என்பார்கள். ஒருநாள் டீக்கடையில் போண்டா மடித்துக் கொடுத்த செய்தித்தாளில் 'நாளைய மின்தடைப் பகுதிகள்' என்ற பெட்டியைப் பார்த்து, ஊரில் கரண்ட் இல்லாத நாளிலேயே அந்த ஊர்க்காரர்களின் சர்வரை நிறுத்தினால் என்ன என்று நான் கேட்டேன். நீங்கள் டீயைக் கீழே வைத்துவிட்டீர்கள். "ஏனுங்க, ஊரே விசிறிமட்டையோட உக்காந்திருக்கையில சர்வர் தூங்குனா எவன் கேக்கப் போறான்?" என்று சிரித்தீர்கள்.

அன்றுமுதல் அதுவே நம் வழக்கமாகிவிட்டது. மின்தடை அறிவிப்பை நான் வாசிப்பேன், நீங்கள் டார்கெட்டை எழுதுவீர்கள். அல்லது நீங்கள் வாசித்து நான் எழுதுவேன். "இன்னைக்கு யாரு ஊட்டு விளக்கை அணைக்கலாமுங்க?" என்று கேட்டுக்கொண்டேதான் காலையில் உள்ளே வருவீர்கள். எனக்கு வேலைக்குப் போவது அவ்வளவு பிடித்திருந்த காலம் அதற்குப் பிறகு வரவேயில்லை. இதை எழுத எரிச்சலாக இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான்.

வெள்ளகோவில் ஏலக்காரர்களைக் கூட்டி வந்ததும் நீங்கள்தான், உங்கள் சொந்த ஊர். விவசாயிகள் தேங்காய்ப் பருப்பை மூட்டையாகக் கொண்டுவந்து இறக்குவார்கள், வியாபாரிகள் இருந்த இடத்திலிருந்தே நம் சர்வர் வழியாகச் செல்போனில் விலை கேட்பார்கள். மின்தடை நாளில் ஏலத்தைத் தள்ளிவைத்துவிடுவார்கள், அதனால் நமக்கும் தோது. "மாமன் மச்சானெல்லாம் எனக்கே போன் பண்ணி உசுர வாங்குவாங்க, நீங்களே பாத்துக்குங்க" என்று அந்தப் பொறுப்பை என் தலையில் கட்டினீர்கள். நானும் சரியென்றேன்.

என் தம்பி கல்யாணத்தன்று வெள்ளகோவிலுக்கு மின்தடை. முந்தின நாளே டார்கெட்டில் எழுதி வைத்துவிட்டு உடுமலைப்பேட்டைக்குப் போய்விட்டேன். காலையில் கோயில் வாசலில் பெண் வீட்டாரின் கார் வரக் காத்திருந்தபோது ஏலக்காரர் கூப்பிட்டார். மின்தடை ரத்தாகிவிட்டது, கரண்ட் இருக்கிறது, மூட்டையெல்லாம் வந்து இறங்கிவிட்டது, ஏலம் நடக்கப் போகிறது என்றார். என்னிடம் லேப்டாப் இல்லை. உடனே உங்களைக் கூப்பிட்டேன். பக்கத்தில் பேண்டு வாத்தியம் காதைப் பிளந்தது. வெள்ளகோவில் சர்வரை டார்கெட்டிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று கத்திச் சொன்னேன்.

"ஒரு நிமிசம் இருங்க," என்றீர்கள். கீபோர்டு சத்தம் கேட்டது. "எடுத்துப்போட்டேனுங்க. நீங்க கல்யாணத்த நல்லபடியா முடிச்சுட்டு, பந்தியில சாப்பிட்டுட்டு வாங்க. எதையும் நினைச்சுக்காதீங்க."

நான் எதையும் நினைக்கவில்லை. போனைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனேன். தம்பி தாலி கட்டும்போது அழுதேன்.

பந்தியில் உட்கார்ந்தபோதுதான் போனை எடுத்துப் பார்த்தேன். ஏலக்காரர் விடாமல் கூப்பிட்டிருந்தார். விலை ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் சர்வர் நின்றுவிட்டது. வியாபாரிகள் போனை வைத்துவிட்டார்கள், விவசாயிகள் மூட்டைகளோடு வெயிலில் நின்று கூச்சல் போட்டார்கள். வெள்ளகோவிலை டார்கெட்டிலிருந்து நீங்கள் எடுக்கவேயில்லை. வேறு எதையாவது எடுத்தீர்களா, எடுக்கப் போகும்போது யாராவது கூப்பிட்டார்களா, எனக்குத் தெரியாது. அதற்காக நான் உங்களைக் குறை சொன்னதில்லை. மறப்பது யாருக்கும் நடக்கும். இன்று நான் மின்தடையை மறந்ததைப் போல.

ஆனால் மறுநாள் மேலாளரின் கண்ணாடி அறையில் நடந்தது மறதி இல்லை. மேலாளர் கேட்டதும் நடந்ததை அப்படியே சொன்னேன். உங்களை மாட்டிவிடும் எண்ணமே எனக்கு இல்லை. நீங்களே, "ஆமாங்க, என் கைத்தப்புதானுங்க" என்று சொல்லிவிடுவீர்கள், ஒரு திட்டோடு முடியும், டீக்கடைக்குப் போய் நான் உங்களைத் தனியாக இன்னொரு முறை திட்டலாம் என்று நம்பிக்கொண்டிருந்தேன். மேலாளர் உங்கள் பக்கம் திரும்பினார்.

"போன் வந்ததுங்க," என்றீர்கள், லேப்டாப்பைப் பார்த்தபடி. "கல்யாணத்துக்கு ஏன் வரலைன்னு கேட்டாங்க. சர்வரப் பத்திப் பேசுனதா எனக்கு ஞாபகமில்லீங்க. வெள்ளகோவில் எப்பவுமே அவங்க பாக்கறதுதானுங்க."

குரலைக்கூட உயர்த்தவில்லை நீங்கள். எல்லா வாக்கியத்திலும் மரியாதை இருந்தது. உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் ஒருமுறைகூட நிமிரவில்லை.

குழுத் தலைமை எனக்கு வருவதாக இருந்தது, உங்களுக்குப் போனது. என்னைப் புகார்களுக்குப் பதில் எழுதும் பிரிவுக்கு மாற்றினார்கள். மின்தடை நாளில் சர்வரை நிறுத்துவதை உங்கள் யோசனை என்று ஒரு கூட்டத்தில் புகழ்ந்தார்கள், நீங்கள் தலைகுனிந்து கேட்டுக்கொண்டீர்கள். கல்யாண வேடிக்கையில் வேலையைக் கோட்டை விட்டவள் என்று என்னைப் பற்றிப் பேசினார்கள். நான் ராஜினாமா செய்தபோது வழியனுப்பு விழாவுக்குக் கேக் வாங்கி வந்தது நீங்கள்தான்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு கட்டு முருங்கைக்காயோடு என் வீட்டுக்கு வந்தீர்கள். அன்று பொய் சொன்னதைச் சொல்லத்தான் வந்திருக்கிறீர்கள் என்று நினைத்தேன். காபி கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். உங்கள் பெண்ணின் பள்ளிக்கூடம், புதுப் பாலம், என் அம்மாவின் முட்டிவலி எல்லாவற்றையும் பேசினீர்கள். கிளம்பி, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வாசல் கேட் பக்கத்தில் நின்றீர்கள்.

"ஏனுங்க..." என்றீர்கள்.

"சொல்லுங்க," என்றேன்.

"அடியில கீரையும் கொஞ்சம் இருக்குதுங்க. வாடறதுக்குள்ள ஆஞ்சு செஞ்சுபோடுங்க. வாரேனுங்க."

கட்டைப் பிரிக்காமல் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டேன்.

நெஞ்சுவலியில் நீங்கள் போய்விட்டதாகப் பழைய அலுவலகத்திலிருந்து ஒருவர் போனில் சொன்னபோது, என் வாயிலிருந்து முதலில் வந்த வார்த்தை, "நேர்ல பாத்தீங்களா?" என்பது. என்ன பெண் இவள் என்று அவர் நினைத்திருப்பார். இப்படி ஆக்கிவைத்திருந்தீர்கள் என்னை. யார் எதை முடித்துவிட்டேன் என்றாலும் நான் போய்ப் பார்க்க வேண்டும். உங்களையும் போய்ப் பார்த்தேன்.

வந்தவர்கள் கலைந்த பிறகு உங்கள் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்களப் பத்திப் பேசாத நாளில்லீங்க," என்றார். "உங்க தம்பி கல்யாணத்தன்னைக்குக்கூட, வெள்ளகோவில்ல கரண்ட் போகலை, ஏலம் நடக்குதுன்னு கோயில் வாசல்ல நின்னு போன் பண்ணுனீங்களாமே. பின்னால பேண்டு சத்தத்துல கத்திக் கத்திச் சொன்னீங்களாமே. அவங்களாட்டம் வேலை பாக்கோணும்னு எங்க பொண்ணுகிட்ட எப்பவும் சொல்லிக்கிட்டே இருப்பாருங்க."

அவருக்கு வேறெதுவும் தெரியாது. பெருமையாக நினைத்துத்தான் சொன்னார். நான் தலையை ஆட்டிவிட்டு, வண்டிச் சாவியைத் தேடுவதுபோல் பைக்குள் கையை விட்டுக்கொண்டு நின்றேன். அழுகை வந்தது. அங்கே மிச்சமிருந்த வீட்டாரும் அழுததால் யாரும் கேட்கவில்லை.

இப்போது வேறொரு கம்பெனிக்கு, வீட்டிலிருந்தபடி அதே வேலையைத்தான் செய்கிறேன். யூபிஎஸ் கத்திக்கொண்டிருந்தபோதே கூட வேலை செய்பவர் கூப்பிட்டு, ஒரு சர்வரை டார்கெட்டிலிருந்து எடுத்துவிட்டதாகச் சொன்னார். ஸ்கிரீனைக் காட்டுங்கள் என்றேன். "என்னை நம்ப மாட்டீங்களாக்கா?" என்று சிரித்தார். காட்டுங்கள் என்று மறுபடியும் சொன்னேன். காட்டினார். எடுத்திருந்தார்.

போனை வைத்த பிறகும் காதில் உங்கள் குரல்தான். "எடுத்துப்போட்டேனுங்க. எதையும் நினைச்சுக்காதீங்க." அந்தக் காலையை, கோயில் வாசலை, பேண்டு சத்தத்தை எதையும் நீங்கள் மறந்திருக்கவில்லை. நாம் இரண்டு பேருமே ஞாபகம் வைத்திருந்தோம். இப்போது நான் மட்டும் வைத்திருக்கிறேன்.