நல்ல பிரெஞ்சில் நான் சொன்ன பொய்

என்ரை அன்ரன் அண்ணா,

பாரிசின் தமிழ்க் கடைத்தெரு லா சப்பலில் இப்போது உன்னைத் தெரியாதவர்கள் இல்லை. மெற்றோ படியால் இறங்கினால் முதலில் வரும் மரக்கறிக் கடைக் கண்ணாடியில் நீ இருக்கிறாய். நகைக்கடைக்கும் சேலைக்கடைக்கும் நடுவிலுள்ள சுவரில் இரண்டு தடவை இருக்கிறாய். அடையாள அட்டைக்கென்று எடுத்து, எந்த அட்டையிலும் ஏறாமல் போன அந்தப் படத்தைத்தான் பெருப்பித்துப் போட்டிருக்கிறார்கள்.

மேலே 'கண்ணீர் அஞ்சலி'. கீழே 'எதிர்பாராத விபத்தில் எம்மைவிட்டுப் பிரிந்த சமூகத் தொண்டன்'. அதற்கும் கீழே, நோட்டீஸ் அடித்துக் கொடுத்தவரின் பெயர். உன் முதலாளி. ஏழு வருடமாக உன் பெயரை ஒரு கடதாசியிலும் எழுதாத மனிதர், நீ செத்தபிறகு கட்டுக்கட்டாக அச்சடித்து ஒட்டியிருக்கிறார்.

நேற்று ஒரு நோட்டீசில் உன் நெற்றிக்கு மேலே யாரோ நடன நிகழ்ச்சி விளம்பரத்தை ஒட்டிவிட்டார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. ஒன்று குறைந்தது என்று நினைத்தேன்.

'எதிர்பாராத விபத்து' என்பதை நீ உன் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் என்ன செய்திருப்பாய்? சும்மா விட்டிருப்பாயா?

அந்த வகுப்பை நான் எவ்வளவு நக்கலடித்தேன். உனக்கே பப்பியே என்கிற விசாக் கடதாசி இல்லை. அகதி விண்ணப்பத்தை இரண்டு முறை நிராகரித்துவிட்டார்கள். பிரெஞ்சில் பாண் வாங்கத்தான் தெரியும். அப்படிப்பட்ட நீ, பாரிசில், ஜீவன் அண்ணையின் ரெலிபோன் கடைப் பின்னறையில், ஸ்பானியம் பேசுகிற ஐந்து பேருக்கு ஆங்கிலப் பத்திரிகை வாசிக்கப் படிப்பித்தாய். ஜீவன் அண்ணை வாசலில் நின்று போகிற வருகிறவர்களிடம் சொல்லுவார்: "உள்ளுக்கை ஒருக்கா எட்டிப் பாருங்கோ. மன்னார்க்காரன் கொலம்பியாக்காரருக்கு இங்கிலீசு படிப்பிக்கிறான். பிரெஞ்சுக்காரன் கண்டானெண்டால் மயங்கி விழுவான்."

தொடக்கி வைத்தது யொலாண்டா. கொலம்பியாவில் பதினொரு வருடம் தாதி. இங்கே அந்தப் படிப்புக்கு மதிப்பில்லை, வதிவிட அனுமதியும் இல்லை. ஓல்னேயில் நீ வேலை செய்த சாமான் கிடங்கின், உங்கள் டெப்போவின், நிலத்தைத் துடைத்தாள். ஆங்கிலச் சோதனை ஒன்று பாஸ் பண்ணினால் அயர்லாந்தில் தாதி வேலைக்கு விண்ணப்பிக்கலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்தச் சோதனையில் பத்திரிகைச் செய்தியை வாசித்துக் கேள்விக்குப் பதில் எழுத வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் அரிசி மூட்டைமேல் இருந்து நீ பழைய ஆங்கிலப் பத்திரிகை வாசிப்பதை அவள் கண்டிருக்கிறாள்.

முதல் மாதம் நீ செய்த பிழையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. மன்னார் ரியூசன் வாத்தியாரின் புத்தி உன்னை விடவில்லை. மூச்சு வாங்குகிற நீளத்தில் சொற்களைப் பட்டியல் போட்டுக்கொண்டு போனாய்: ஹியூமானிட்டேரியன், கான்ஸ்டிடியூஷனல், டிடீரியரேஷன். நாங்கள் எல்லோரும் வியர்த்து வியர்த்துப் பாடமாக்கிய சொற்கள். அவர்கள் ஐந்து பேரும் மரியாதையாகத் தலையாட்டி எழுதிக்கொண்டார்கள். ஐந்தாவது கிழமைதான் யொலாண்டா மெதுவாகச் சொன்னாளாம், இந்தப் பெரிய சொற்களெல்லாம் ஸ்பானியத்தில் ஏற்கெனவே இருக்கின்றன, எங்கள் அம்மாமாருக்கே தெரியும், எங்களைக் கொல்லுவது சின்னச் சொற்கள்தான் என்று.

அன்று வீட்டுக்கு வந்து நீ தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தாய். "எடியே ஜெனி, நாங்கள் மலையெண்டு ஏறினது அவைக்கு முற்றமடி. அவை தடக்கி விழுறது நாங்கள் கவனிக்காத சின்னக் கல்லிலை."

பிறகு தலைப்புச் செய்திகளில் வருகிற குட்டிச் சொற்களாய்ப் பொறுக்கினாய். ப்ரோப், கேர்ப், டோல், பிட், குவிட். ஸ்டிரைக் என்ற சொல்லை அவர்கள் 'எஸ்டிரைக்' என்றார்கள். நீ திருத்தப் போய் உன் வாயில் 'இஸ்டிரைக்' என்று வந்தது. அன்றைக்கு வகுப்பே நடக்கவில்லையாம், ஆறு பேரும் சிரித்தே முடித்தீர்களாம்.

உன் வகுப்பில் ஒரு சட்டம் இருந்தது. ஒரு சொல்லின் பொருள் தெரிந்தால் போதாது. அந்தச் சொல்லை வைத்துத் தன் வாழ்க்கையில் நடந்த ஓர் உண்மையைச் சொன்னால்தான் அது கொப்பியில் ஏறும். பொய் சொன்னால் அடுத்த கிழமை திரும்பச் சொல்ல வேண்டும். 'அலெஜ்ட்லி' என்ற சொல் வந்த நாளில், 'ஊரில் உள்ள என் கணவர் என்னை நினைத்து நித்திரையில்லாமல் இருப்பதாகச் சொல்லப்படுகிறது' என்றாளாம் யொலாண்டா. 'ரெசிலியன்ஸ்', தாங்கும் வலிமை, என்பதற்கு, உதவி செய்ய விருப்பமில்லாதவர்கள் எங்களைப் பாராட்டும்போது சொல்லுவது என்றாளாம். 'ஸ்டிரான்டட்', நடுவழியில் விடப்பட்டவன், என்ற சொல்லுக்கு நீ உன்னையே சொன்னாய். அப்பா எங்களைப் பிரான்சுக்குக் கூப்பிட்டபோது எனக்குப் பதினாலு, உனக்கு இருபது. பதினெட்டுக்கு மேலே போனால் பிள்ளை இல்லையாம். உன்னை மட்டும் விட்டுவிட்டு விமானம் ஏறினோம். ஐந்து வருடம் கழித்து நீயாகவே வழி தேடி வந்து சேர்ந்தாய். வந்து சேர்ந்த பிறகும் அந்தச் சொல் உனக்குப் பொருந்தியது, இல்லையா?

இனி அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன். நீ அங்கேதான் இருந்தாய், ஆனால் நான் என்ன செய்தேன் என்று உனக்குத் தெரியாது.

நான் சென் தெனியில் வேலையில் இருந்தபோது அப்பா போன் எடுத்தார். இரண்டு பேரும் டெப்போவுக்குப் போய்ச் சேர்ந்தபோது அம்புலன்ஸ்காரர் தங்கள் சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். முதலாளியின் அலுவலக அறையில், சோபாவுக்குப் பக்கத்தில், நிலத்தில் நீ. மேலே வெள்ளைத் துணி. மேசையில் ஒரு தேத்தண்ணிக் கோப்பை, பாதி குடித்தபடி. அது யார் குடித்தது என்று நான் யோசிக்கவில்லை.

பொலிஸ்காரர் கேள்வி கேட்டார். முதலாளிக்குப் பிரெஞ்சு தடக்கியது. அவர் என்னைப் பார்த்தார். "தங்கச்சி, நீங்கள் சொல்லுங்கோ. அன்ரன் இஞ்சை வேலை செய்யிறேல்லை. சும்மா என்னைப் பாக்க வந்தவர். எனக்கு உதவியா ஒரு பெட்டி எடுத்துத் தாறனெண்டு சாமான் அடுக்கிற ராக்கையிலை ஏறினவர். அவ்வளவுதான்."

அண்ணா, பதினைந்து வயதிலிருந்து நான் இதைத்தான் செய்கிறேன். அம்மாவின் டொக்டரிடம், விசாவுக்குப் பிரிபெக்சரில், பக்கத்து வீட்டு மாமியின் வங்கியில், யாரோ ஒருவரின் வாடகைச் சண்டையில். ஒருவர் தமிழில் சொல்லி முடித்ததும் என் வாய் பிரெஞ்சில் தொடங்கிவிடும். நடுவில் நான் இருப்பதில்லை. அன்றும் அப்படித்தான். அவர் திக்கித் திணறிச் சொன்னதை நான் வெட்டித் திருத்தி, நல்ல பிரெஞ்சில், ஒரு பிழையில்லாமல் சொன்னேன். 'நட்பின் பேரில் வந்திருந்தார்' என்றேன். அந்த அழகான சொற்றொடர் அவருடையதல்ல, என்னுடையது. பொலிஸ்காரர் எழுதினார். தங்கை என்று போட்டு நான் கையெழுத்து வைத்தேன்.

நீ துணிக்குக் கீழே இருந்தாய். உன் கால் வெளியே தெரிந்தது. இரும்பு முனை வைத்த வேலைச் சப்பாத்து. சும்மா பார்க்க வந்த விருந்தாளிக்கு எதற்கு அந்தச் சப்பாத்து என்று அந்த அறையில் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

வீட்டில் கேட்டேன். அப்பாவுடன் சண்டை.

"ஏழு வருசம் அவன் அங்கை முறிஞ்சவன். நட்பாம். நான் போய் அதை மாத்திச் சொல்லப் போறன்."

"கோடு கச்சேரி எண்டு அலையப் போறியோ? செத்தவன் திரும்பி வரப் போறானோ?"

"வரமாட்டான். அதுக்காக அவன் வேலையே செய்யேல்லை எண்டு விடுறதோ?"

"உனக்கு விளங்காது பிள்ளை. நான் வந்திறங்கேக்கை எனக்குப் படுக்க இடம் தந்தது அந்த மனுசன். விலாசம் தந்தது அவர். அவர் இல்லாட்டி நாங்கள் இஞ்சை இல்லை."

"நாங்கள் இஞ்சை இருக்கிறம் அப்பா. அண்ணா எங்கை?"

அப்பா ரிமோட்டை எடுத்தார். ரீவியின் சத்தத்தைக் கூட்டினார். அம்மா ஆஸ்பத்திரி தந்த பையைத் திறக்காமலே அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். அதற்குள்தான் உன் சப்பாத்து. அந்தச் சண்டைக்குப் பிறகு நானும் அடங்கிப்போனேன். அதையும் உனக்குச் சொல்லத்தான் வேண்டும். மூன்று கிழமை வாயைப் பொத்திக்கொண்டு வேலைக்குப் போய் வந்தேன். உன் ஆத்துமாவுக்கான பூசைக்கு வந்த முதலாளி என் தலையைத் தடவினார். நான் தலையை இழுக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை உன் கொப்பியை எடுத்துவரலாம் என்று ஜீவன் அண்ணையின் கடைக்குப் போனேன். வகுப்பு முடிந்தது என்று அவர்களுக்குச் சொல்லிவிட்டு வருவதாக நினைப்பு. "உள்ளுக்கை இருக்கினம்," என்றார் ஜீவன் அண்ணை. "வாத்தியார் இல்லாமலே நடக்குது. நான் எழும்பச் சொல்லேல்லை."

ஐந்து பேரும் இருந்தார்கள். உன் கதிரையில் யாரும் இருக்கவில்லை. நான் கொப்பியைக் கேட்டேன். 'முதலில் இரு, இன்றைக்கு என் முறை' என்றாள் யொலாண்டா ஆங்கிலத்தில். உன் சட்டப்படி எழுந்து நின்றாள். அவள் கொண்டுவந்த சொல் 'விட்னஸ்'. ஸ்பானியத்தில் அதற்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லையாம். மூன்று தடவை மறந்துபோன சொல்லாம்.

பிறகு தன் உண்மையைச் சொன்னாள். நான் சாட்சி என்றாள். நீ விழுந்தபோது அவள் அடுத்த வரிசையில் துடைத்துக்கொண்டு நின்றாளாம். ஏணி இல்லாததால் ராக்கையில் கால்வைத்து மேல்தட்டுக்கு ஏறியிருக்கிறாய், எல்லா நாளும் ஏறுவதுபோல. நீ விழுந்தபோது மூச்சு இருந்ததாம். கழுத்தைத் தொடாதே, நகர்த்தாதே என்று அவள் கத்தியிருக்கிறாள், ஆங்கிலத்திலும் ஸ்பானியத்திலும் தெரிந்த பிரெஞ்சிலும். முதலாளியும் இன்னொருவரும் உன்னைத் தூக்கி அலுவலக அறைக்குக் கொண்டுபோனார்கள். கோப்பையை மேசையில் வைத்தார்கள். அதன்பிறகுதான் அம்புலன்ஸுக்கு அடித்தார்கள். அதற்குள் உன் மூச்சு நின்றுவிட்டது. அவள் முழங்காலில் நின்று உன் நெஞ்சை அமத்திக்கொண்டே இருந்தாளாம். சைரன் சத்தம் கேட்டதும் அவளைப் பின்கதவால் வெளியே தள்ளிவிட்டார்களாம். 'உனக்குப் பப்பியே இல்லை, ஓடு' என்று.

பதினொரு வருடம் ஆட்களைக் காப்பாற்றிய பெண் உன் பக்கத்தில் இருந்தாள், அண்ணா. அவள் கையில் துடைப்பம் இருந்ததால் அவள் சொன்னது யாருடைய காதிலும் ஏறவில்லை. இந்த நகரத்தின்மேல் எனக்கு இருக்கிற வெறுப்பு ஒரு பக்கம். எங்கள் ஆட்கள்மேல் இருப்பதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? தமிழ் வாழ்க என்று கடைச் சுவரில் எழுதிவைத்துவிட்டு, கள்ளமாய் வேலைக்கு வைத்த தமிழனைச் செத்தபிறகு விருந்தாளி ஆக்குகிறவர்களை எந்தச் சொல்லால் கூப்பிடுவது?

அவள் முடித்துவிட்டுக் கதிரையில் இருந்தாள். அவள் என்னைப் பார்த்தாள். புதிதாக வருகிறவரும் ஒன்று சொல்ல வேண்டும் என்பது உன் சட்டமாம். நான் எழுந்தேன். அதே சொல்லை எடுத்தேன். நானும் அங்கே இருந்தேன், நான் பொய்ச்சாட்சி என்றேன். என் ஆங்கிலம் உடைந்து போயிருந்தது. ஒருவரும் திருத்தவில்லை. யொலாண்டா உன் கொப்பியைத் திறந்து அந்தச் சொல்லை எழுதி, பக்கத்தில் இரண்டு பெயரையும் போட்டாள்.

வருகிற செவ்வாய்க்கிழமை காலை நானும் யொலாண்டாவும் தொழில் ஆய்வாளரின் அலுவலகத்துக்கும், அங்கிருந்து பொலிசுக்கும் போகிறோம். கையெழுத்து வைத்த வாக்குமூலத்தை மாற்றினால் எனக்கு என்ன நடக்கும் என்று தெரியாது. அவளுக்கு என்ன நடக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. 'வராதே, உன் சோதனை இரண்டு மாதத்தில்' என்றேன் அவளிடம். சாட்சி என்று கொப்பியில் ஏற்றிவிட்டு வீட்டில் இருந்தால் அது பொய்யாகிவிடும், அடுத்த கிழமை திரும்பச் சொல்ல வேண்டும் என்றாள். சிரிக்கவில்லை.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உன்னை நகர்த்தியதையும் சொன்னேன். விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கப் போனார். இன்று காலை எழும்பிப் பார்த்தால், அலுமாரியில் பூட்டியிருந்த பை கதவடியில் இருக்கிறது. உன் சப்பாத்தை வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். செவ்வாய்க்கிழமை எங்களோடு வருவாரா? தெரியவில்லை. நான் கேட்கப் போவதில்லை.

வகுப்பு நிற்கவில்லை, அண்ணா. யொலாண்டாவின் சோதனை வரைக்குமாவது நடக்கும். எனக்குப் படிப்பிக்கத் தெரியாது. மூலையில் இருந்து இஸ்டிரைக் என்று மட்டும் சொல்லுவேன்.

ஒன்று சத்தியம். செவ்வாய்க்கிழமை அந்த மேசையில் உன் சப்பாத்தை வைத்துவிட்டு, என் அண்ணா அங்கே வேலை செய்தான் என்று சொல்லுவேன். யாருடைய சொல்லையும் மொழிபெயர்க்க மாட்டேன். நாக்குத் தடக்கினால் தடக்கட்டும். அழகாகச் சொல்ல மாட்டேன்.

அன்று உன் பக்கத்தில் நின்றும் உனக்காகப் பேசாத,
உன் ஒரே தங்கச்சி
ஜெனி