பனிமலைப் படம் எட்டாவது

12-2-1984, ஞாயிறு
புடவையின் மயில் பார்டருக்குத் தறியில் மாட்டுகிற டிசைன் அட்டை இருநூற்று நாற்பது. ஓட்டை குத்தி முடித்து, நம்பர் பார்த்துக் கோத்து, மறுபடி ஒருமுறை நம்பர் பார்த்தாயிற்று. ஓர் அட்டை இடம் மாறினால் போதும், புடவையில் மயிலின் கழுத்து முறியும், தறிக்காரர் என் வீட்டு வாசலில் வந்து நின்று கத்துவார். பன்னிரண்டு வருஷத்தில் ஒருத்தரும் வந்து கத்தியதில்லை. வரிசை பிசகாத ஆள் என்று ஆரணியில் எனக்குப் பேர்.

முதுகு வலி. சம்சாரம் ஜெயம் தைலம் தேய்த்துவிட்டாள்.

15-2-1984, புதன்
தறிக்குப் பாவு நூல் போடும் கூடம் வைத்திருக்கிற பலராமன் வீட்டுக்கு வீடியோ டெக்கு வந்துவிட்டது. துபாயில் இருக்கும் மருமகன் கொடுத்தனுப்பினாராம். கூடவே அந்த இங்கிலீஷ் உளவாளிப் படங்கள், நாங்கள் ‘கோட்டுக்காரன் படம்’ என்போமே, அதே. ஒன்பதும் வந்திருக்கிறது. ஒன்று விடாமல்.

பலராமன் தெருவிலேயே என்னை நிறுத்தினார். “வீரபாகு, நீதான்பா எல்லாத்தையும் பார்த்தவன். எத மொதல்ல போடறது, எத அப்பால போடறதுன்னு ஒரு வரிசை எழுதிக் குடு. மாசா மாசம் அமாவாசைக்குத் தறி நிறுத்தறோம் இல்ல, அன்னிக்கு மூணு மூணா போட்டுடலாம்.”

“அதுக்கென்னாங்க, எழுதிட்டா போச்சி” என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன்.

16-2-1984, வியாழன்
இந்த நோட்டை என்னைத் தவிர யார் படிக்கப் போகிறார்கள்? இங்கேயாவது எழுதடா.

நான் கோட்டுக்காரன் படம் ஒன்றுகூடப் பார்த்ததில்லை.

எழுபத்தொன்றில் அட்டை குத்தப் பழக மெட்ராஸ் போனேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை தியேட்டர் வரிசையில் நின்றேன். முன்னால் எல்லாம் பேண்ட்டும் ஷூவும் இங்கிலீஷும். நான் லுங்கி. கதவுக்காரன் என்னைப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை. நானாகவே விலகி வந்துவிட்டேன். அவன் திட்டித் துரத்தியிருந்தால்கூட ஊரில் வந்து சொல்லியிருப்பேன். நானாகவே வந்ததை எப்படிச் சொல்வது? வெளியே கண்ணாடிப் பெட்டியில் ஒட்டியிருந்த போட்டோக்களை மட்டும் நின்று பார்த்தேன். ஊரில் கேட்டார்கள், ‘பார்த்தியா?’ பார்த்தேன் என்றேன். அப்புறம் ஒவ்வொரு தடவை போகும்போதும் புதுப் போட்டோ, புதுக் கதை. நாலு போட்டோ இருந்தால் எனக்கு மூன்று மணி நேரக் கதை வரும்.

ஊர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். அருணகிரி இருக்கிறானே, அவனை நினைத்தால்தான் சோறு இறங்கவில்லை.

17-2-1984, வெள்ளி
எழுபத்தெட்டில் சேத்துப்பட்டுக்குப் போன பஸ் கவிழ்ந்து அருணகிரிக்கு வலது கால் இரண்டு இடத்தில் உடைந்துபோயிற்று. ஐந்து மாசம் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தான். இனி தறியில் மிதி மிதிக்க முடியாது, என்னை விட்டுவிடுங்கள் என்பான். சின்ன வயசிலிருந்து கூட்டாளி. சும்மா எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது? சாயங்காலம் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து கோட்டுக்காரன் படங்களில் ஒன்றான பனிமலைப் படத்தின் கதையைச் சொன்னேன்.

மெட்ராஸில் பார்த்த போட்டோவில் கோட்டுக்காரன் பனிமலையில் தனியாக நிற்கிறான். இரண்டு காலிலும் நீளமாகப் பலகை கட்டியிருக்கிறது, இரண்டு கையிலும் குச்சி. பலகை வைத்து எதற்குக் கட்டுவார்கள்? கால் உடைந்தால்தானே? அப்படித்தான் சொன்னேன். எதிரிகள் இரண்டு காலையும் உடைத்துப் போட்டுவிட்டார்கள். பலகை கட்டிக்கொண்டு, குச்சியை ஊன்றி, ஒரு ராத்திரி ஒரு பகல் நடந்து மலையைத் தாண்டினான் என்று.

நாற்பது தடவையாவது சொல்லச் சொல்லியிருப்பான். ஒருநாள் இரண்டு குச்சி கேட்டான். எழுந்தான். இன்றைக்கும் நொண்டிக்கொண்டேதான் நெய்கிறான், ஆனால் நெய்கிறான். யார் கேட்டாலும், “அந்தப் படம்தான்பா என்ன நடக்க வெச்சது” என்கிறான்.

அந்தப் படத்தில் என்ன இருக்கிறதோ, எனக்குத் தெரியாது.

19-2-1984, ஞாயிறு
பலராமன் வீட்டில் கூடினோம். தறிக்கார ஜெயவேலுக்குத் தான்தான் எல்லோருக்கும் வாத்தியார் என்று நினைப்பு. “நடுவுல ஹீரோ மாறிட்டான் இல்ல. பழைய ஆளு நடிச்சத ஒண்ணா போடு, புது ஆளுத அப்பால போடு.” பலராமன், “கேசட் பெட்டி மேல வருஷம் போட்டுகீது. அந்த வரிசையே போதும்பா” என்றார்.

அருணகிரி மூலையிலிருந்து கத்தினான்: “டேய், பனிமலைய மொதல்ல போடுங்கடா! ஆறு வருஷமா காத்துகினு கீறேன்.”

பெட்டியைப் புரட்டினேன். வருஷப்படி பனிமலை இரண்டாவது. அதாவது வருகிற அமாவாசையே. எங்கிருந்துதான் வாய்க்கு வந்ததோ, சொல்லிவிட்டேன்: “எல்லாமே தப்பு. தறியில மொதல்ல நெய்ஞ்சது துணி சுத்தற உருளைக்கு உள்ளார போயிடுது. பிரிச்சா கடைசியா நெய்ஞ்சதுதான மேல வருது? இதுவும் அப்படித்தான். புதுசுல ஆரம்பிச்சி பழசுக்குப் போவணும். மெட்ராஸ்ல விவரம் தெரிஞ்சவங்க அப்படித்தான் பாக்கறாங்க.”

வேறு எந்த ஊராக இருந்தாலும் செருப்பால் அடித்திருப்பார்கள். இங்கே எல்லோரும் நெசவுக்காரர்கள். தலையை ஆட்டினார்கள். ஜெயவேல்கூட, “அட, ஆமாம்ல” என்றான்.

பனிமலை எட்டாவது. இரண்டு மாசம் தள்ளிப் போட்டாயிற்று. அருணகிரி முகம் வாடிப்போனது. “நீ சொன்னா சரிதான்டா” என்றான்.

2-3-1984, வெள்ளி. அமாவாசை
பாவு போடும் கூடத்தில் ஜன்னலுக்கெல்லாம் கோணி கட்டி, காலையிலிருந்து மூன்று படம். தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. “இப்ப இன்னா சொல்றான்?” என்று எல்லோரும் என்னையே கேட்டார்கள். வாய்க்கு வந்த கதையை அடித்துவிட்டேன்.

1-4-1984, ஞாயிறு. அமாவாசை
கோட்டுக்காரனின் மேலதிகாரி, போன மாசம் போட்ட படத்தில் செத்துப்போனவர், இன்று எழுந்து வந்து காபி குடிக்கிறார். கூடத்தில் ஒரே சிரிப்பு. அருணகிரிக்கு மட்டும் ரொம்பப் பிடித்துவிட்டது. “நல்ல வரிசைடா இது. செத்தவன்லாம் எழுந்து வரான் பாரு!” என் தொடையில் ஓங்கித் தட்டினான்.

தட்டிய இடம் இன்னும் எரிகிறது.

29-4-1984, ஞாயிறு
எழுதவே கை கூசுகிறது. சாயங்காலம் பலராமன் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் யாரும் இல்லை. பனிமலை கேசட்டை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். பலராமன் சம்சாரம் ரேணுகாம்பாள் காபியோடு வந்தார்கள். “நாளைக்கு அருணகிரி அண்ணனுக்குத்தான் திருவிழா. பெஞ்சாதிகிட்ட வெள்ள சட்ட தோச்சி வெக்கச் சொல்லிகிறாரு.” அவர்கள் காலி டம்ளரோடு உள்ளே போனதும் கேசட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

திருடவும் துணிச்சல் இல்லை, சொல்லவும் துணிச்சல் இல்லை. கரண்ட்டாவது போகக் கூடாதா சாமி.

30-4-1984, திங்கள். அமாவாசை
கரண்ட் போயிற்று. எட்டாவது படம் முடிந்த பிறகு.

கோட்டுக்காரனுக்குக் கால் உடையவே இல்லை. அது பனியில் சறுக்கி விளையாடுகிற பலகையாம். ஒரு பெண்ணோடு சிரித்துக்கொண்டே மலையிலிருந்து சர்ரென்று கீழே இறங்குகிறான். ஏறவே இல்லை. இறங்குகிறான்! ஜெயவேல் எழுந்து நின்று, “டேய் வீரபாகு, இன்னாடா இது? குஷியா வழுக்கிகினு போறான்! ஒரு ராத்திரி ஒரு பகல் எங்கடா?” என்றான். கூடமே வெடித்தது. பலராமனும் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அருணகிரி சிரிக்கவில்லை. வெள்ளைச் சட்டை. படம் முடியும்வரை அசையாமல் பார்த்தான். கரண்ட் போனதும் சுவரைப் பிடித்து எழுந்து வெளியே போனான். என்ன சொல்லிக் கூப்பிடுவது?

2-5-1984, புதன்
அருணகிரி வீட்டில் தறிச் சத்தம் இல்லை.

3-5-1984, வியாழன்
இன்றும் இல்லை.

“கால் வலிக்குதுன்னு படுத்துகினு கீறாராம்” என்றாள் ஜெயம். “நீங்க போய்ப் பாக்கலயா?” வேலை இருக்கிறது என்றேன். கோத்த அட்டையையே பிரித்து மறுபடி கோத்துக்கொண்டிருந்தேன். அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

4-5-1984, வெள்ளி
போனேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். எழுபத்தெட்டில் படுத்த அதே பாயில், அதே பக்கம். நின்றபடியே சொன்னேன், உட்கார்ந்தால் வேறு கதை வந்துவிடும்.

“நான் மெட்ராஸ்ல அந்தப் படம் பாக்கலடா.”

“ஒண்ணு கூடவா?”

“ஒண்ணு கூட இல்ல. வெளிய போட்டோ பார்த்தேன். மீதி நானே சொன்னது.”

சுவரைப் பார்த்தபடியே சொன்னான்: “ஆறு வருஷமா கால் மொனகும்போதெல்லாம் அவன நெனச்சிகினுதான்டா மிதிச்சேன். இனிமே யார நெனச்சிகினு மிதிக்கிறது? சொல்லு.”

செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். எதற்கும் பதில் வைத்திருப்பவன் நான். த்தூ. நாயே, உனக்கு ஏன்டா இந்த வாய்?

9-5-1984, புதன்
காலையில் தறிச் சத்தம். நாலு மிதி, நிற்கிறது. மறுபடி நாலு மிதி. சந்தில் நின்று கேட்டேன். யாரை நினைத்துக்கொண்டு மிதிக்கிறான், தெரியவில்லை. உள்ளே போகவில்லை.

18-5-1984, வெள்ளி
அருணகிரி பழைய அட்டைக் கட்டைப் பழுது பார்க்க ஜெயவேலிடம் கொடுத்தனுப்பியிருக்கிறான். “வரிசைய நல்லா பார்த்துக் கோக்கச் சொன்னான்” என்றான் ஜெயவேல். ஐந்து தடவை நம்பர் பார்த்தேன்.

30-5-1984, புதன். அமாவாசை
கரண்ட் போனதில் நின்றுபோன ஒன்பதாவது படம் இன்று. உண்மையில் அதுதான் முதல் படம். நான் போவதாக இல்லை. மத்தியானம் வாசலில் நொண்டுகிற செருப்புச் சத்தம். அருணகிரி.

“கெளம்பு.”

“வேணான்டா.”

“ஜல்தி. படம் போட்டுடுவாங்க.”

கூடத்தில் என்னை முன்னால் இழுத்துக்கொண்டு போய், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்: “தள்ளி குந்துங்கபா. இவன் இன்னிக்குதான் மொத மொதலா பாக்கறான். எதையும் பார்த்தவன் இல்ல இவன்.” சிரிப்பு. பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்றிருந்தது. அவன் என் பக்கத்திலேயே காலை நீட்டி உட்கார்ந்தான்.

படம் ஓடியது. கோட்டுக்காரன் சின்னப் பையன் மாதிரி இருந்தான். யாரிடமோ என்னவோ பேசினான். அருணகிரி என் பக்கம் சாய்ந்தான்.

“இப்ப இன்னாடா சொல்றான்?”

பழக்க தோஷம், வாய் திறந்துவிட்டது. மூடினேன்.

“தெரியல” என்றேன்.

மடக்க முடியாத அந்தக் காலை அவன் என் மடியில் தூக்கிப் போட்டான். படம் முடியும்வரை பிடித்துவிட்டேன்.