பள்ளிக்கூடத்துக்குப் பேசிய ஆள்

ரொக்ஸ்பரோ, மொன்றியல்
18.02.1996

அன்புள்ள சிவாஜினியின் அப்பாவுக்கு,

நானும் பிள்ளையும் சுகம். ரொறன்ரோவில் நீங்களும் கிறகரி அண்ணையும் அந்த பேஸ்மென்ற் அறையில் குளிர் பிடிக்காமல் இருக்கப் பிள்ளையார் துணை நிற்கட்டும். இங்கே பனி கொட்டித் தள்ளுகிறது. ஹீற்றரைத் திருத்த ஆள் வந்து போனான், அது பழையபடிதான் கிடக்கிறது.

இது போனில் சொல்லக்கூடிய விடயமில்லை. நீங்கள் கதைக்கும்போது அண்ணை பக்கத்தில் இருப்பார், இங்கே பிள்ளை காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாள். அதனால்தான் எழுதுகிறேன்.

சிவாஜினிக்குப் பள்ளிக்கூடத்தில் கிடைத்த இடம் பறிபோகப் பார்க்கிறது. அங்கே பாதிப் பேர் அக்கம்பக்கத்திலிருந்து சும்மா சேருகிற பிள்ளைகள். மற்றப் பாதிதான் சோதனை எழுதித் தெரிவானவர்கள். அந்தப் பாதியில் ஒருமுறை இடம் விட்டால் விட்டதுதான், பிறகு மாறிச் சேர விடமாட்டார்கள். பிரெஞ்சில் ஒரு சொல்லும் தெரியாமல் வந்த பிள்ளை, அந்த மொழியிலேயே சோதனை எழுதிப் பாஸ் பண்ணினாள். அவள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

போன கிழமை பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்தது, நாங்கள் இடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டோமாம். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு ஓடினேன். காரியாலயத்துப் பெண் சொல்லச் சொல்லப் பிள்ளை தமிழில் சொன்னாள். யாரோ ஓர் ஆள் போன் எடுத்து இங்கிலீசில் பேசினாராம், குடும்பம் ரொறன்ரோவுக்கு மாறுகிறது, இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுங்கள் என்றாராம். அதற்குப் பிறகு அந்தப் பெண் இன்னொன்றும் சொன்னாள். பிள்ளை அதைத் தமிழில் சொல்லாமல் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் பின்னேர வகுப்பில் படிக்கிற பிரெஞ்சு அதை விளங்கிக்கொள்ளப் போதும். பேசியவர் தன்னைத் தகப்பன் என்று சொன்னாராம்.

அப்படி யாரும் சொல்லலாம். எனக்கு உடனே மேல்வீட்டு இரவிச்சந்திரன் மேல்தான் சந்தேகம் வந்தது. அவருடைய மகளும் அதே சோதனை எழுதியவள், காத்திருப்போர் வரிசையில் நிற்கிறாள். எங்கள் பிள்ளை விலகினால் அவளுக்கு வழி திறக்கும். அவர் பெண்சாதி புஷ்பராணியும் இப்போது படியில் கண்டால் சிரிப்பதில்லை. அன்று இரவு முழுவதும் மனதுக்குள் அவர்களைத் திட்டித் தீர்த்தேன். மறுநாள் மேலே ஏறிப்போய்க் கதவைத் தட்டுகிற அளவுக்கு வந்துவிட்டேன்.

தட்டக் கையை ஓங்கும்போதுதான் யோசனை வந்தது. கண்ணூறு படும் என்று பிள்ளைக்கு இடம் கிடைத்ததை நான் இங்கே ஒருவருக்கும் சொல்லவில்லை. புஷ்பராணி கேட்டபோது, “கிடைக்கேல்லை அக்கா, நாங்கள் குடுத்து வைக்கேல்லை” என்று முகத்தைத் தொங்கப்போட்டுச் சொன்னவள் நான். இல்லாத இடத்தை அவர்கள் எப்படி வேண்டாம் என்று சொல்வார்கள்?

இன்னொன்றும் இருக்கிறது. பேசியவர் பிள்ளையின் பிறந்தநாளைப் பதிவில் உள்ளபடியே சொன்னாராம், ஏப்ரல் ஒன்பது. புஷ்பராணி வீட்டார் ஒவ்வொரு வருடமும் அவளுடைய உண்மையான பிறந்தநாளுக்கு, செப்டெம்பர் நாலாம் திகதி வந்து கேக் சாப்பிட்டுப் போகிறவர்கள். எல்லையில் அதிகாரி நாளையும் மாதத்தையும் மாற்றிப் பதிந்ததும், திருத்தப்போனால் அகதிக் கேஸ் குழம்பும் என்று பயந்து நாங்கள் வாய் திறக்காமல் விட்டதும் இந்த ஊரில் யாருக்குத் தெரியும்? கதவைத் தட்டாமல் கீழே வந்துவிட்டேன்.

அந்த ஆள் இரவிச்சந்திரனாகவே இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதி. மூன்றாம் மனிதரோடு கோபிப்பது சுலபம்.

பொங்கலுக்கு நீங்கள் வந்தபோது பெறுபேற்றைக் கொண்டுவந்து காட்டினேன். வாசித்துவிட்டுச் சோற்றைப் பிசைந்தபடி, “அங்கையும் நல்ல பள்ளிக்கூடம் இருக்குதுதானே” என்று சொன்னீர்கள். நான் அதைச் சும்மா கதை என்று விட்டுவிட்டேன். ரொறன்ரோவுக்கு வாருங்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் மாட்டேன் என்றிருப்பேன், சண்டை பிடித்திருப்போம், நீங்கள் சாப்பிடாமல் எழும்பிப் போயிருப்பீர்கள். அது இதைவிட ஆயிரம் மடங்கு நல்லது. வேலை முடிந்து நாங்கள் இல்லாத அந்த அறைக்குத் திரும்புவது உங்களுக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இங்கே எனக்கும் அப்படித்தான் இருக்கிறது.

மாத முடிவுவரை அந்த இடத்தை யாருக்கும் கொடுக்கமாட்டோம் என்று தலைமை ஆசிரியை சொல்லியிருக்கிறார். ஆனால் வேண்டாம் என்று சொன்ன தகப்பனே திரும்பவும் பேசவேண்டுமாம். என் சொல் செல்லாதாம்.

பிள்ளை இதைப்பற்றி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நானும் ஒன்றும் விளங்காதவள் போலத்தான் இருக்கிறேன். நேற்றுப் புத்தகங்களை எல்லாம் அடுக்கிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, ரொறன்ரோவில் பிரெஞ்சு படிக்கலாமா என்று மட்டும் கேட்டாள்.

உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். இது கிடைத்த அன்றே பள்ளிக்கூடத்துக்குப் பேசுங்கள். அதே குரலில், பிள்ளை இங்கேதான் படிப்பாள் என்று சொல்லுங்கள். பிறகு எங்களுக்குப் போன் எடுங்கள். முதலில் பேசியது யார் என்று நான் கேட்கவேமாட்டேன்.

இன்னமும் உங்களை நம்ப விரும்பும்,
கௌரி