ஏழு கட்டம் வடக்கே

ஜனவரி 9

என் செல்லச் சில்லு,

இரண்டு மாதமாக உன் போன் அடித்து அடித்து ஓய்ந்துபோகிறது. குளிக்கப் போயிருப்பாள், தூங்கியிருப்பாள் என்று நானே உனக்காகச் சாக்குச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால்தான் கடிதம். இதையாவது பிரித்துப் படி.

'தும்மல் துப்பறிவாளர்கள்' எட்டாவது புத்தகம் முடிந்துவிட்டது. நம் மூன்று வாண்டுகளும் இந்த முறை ஒரு பழைய கப்பலுக்குள் மாட்டிக்கொள்கிறார்கள். ரகசியம் இருக்கும் இடம் வந்தாலே தும்முவானே நம் தும்மல், அவன் இதில் மொத்தம் பதினான்கு தடவை தும்முகிறான். எண்ணிப் பார்த்தேன். கதை தயார், ஆனால் புதிர் ஒன்றுகூட இல்லை. புதிரும் வரைபடமும் உன் கையில் அல்லவா இருக்கிறது? பதிப்பாளர் தினமும் கேட்கிறார். "தங்கச்சிக்கு உடம்பு சரியில்ல" என்று சொல்லி வைத்திருக்கிறேன். எனக்காக இல்லாவிட்டாலும் அந்தப் பொய்க்காக இரண்டு தும்மல் போட்டுக்கொள்.

என் மேல் கோபமா? நான் என்ன செய்தேன் என்றாவது சொல். சொன்னால் திருத்திக்கொள்ளமாட்டேனா?

காத்திருந்து கண் பூத்துப்போன,
அக்கா

*

ஜனவரி 17

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் உன் குரலைக் கேட்டால் எதற்கும் தலையாட்டிவிடுவேன். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அதனால் எழுதுகிறேன்.

கோபம் உன் மேல் இல்லை. நவம்பரில் பதிப்பகத்துக்குப் போனபோது, மெய்ப்புப் பார்க்கும் பெரியவர் வாசகர் கடிதக் கட்டு ஒன்றைக் கொடுத்தார். "அக்கா எல்லாம் படிச்சாச்சு, நீயும் பாரும்மா" என்றார். அதில் ஒரு தையல்காரம்மா எழுதிய கடிதம் இருந்தது. அக்டோபர் தேதி. உனக்கு ஞாபகம் இருக்கிறதா?

அவர் மகளுக்கு ஒன்பது வயது. நம் ஏழாவது புத்தகத்தில், ஐஸ் தொழிற்சாலைக் கட்டப் புதிரைப் பதினொரு தடவை போட்டுப் பார்த்திருக்கிறாள். கட்டம் கட்டமாக நகர்ந்து, நின்ற இடத்து எழுத்துகளைச் சேர்த்தால் ஒரு சொல் வரவேண்டும். அவளுக்கு வந்தது 'டுழுகிமூ'. தாளில் வராவிட்டால் தரையில் நடந்து பார்க்கவேண்டும் போலிருக்கிறது என்று நினைத்து, அவர்கள் தெருக்கோடியில் மூடிக்கிடக்கும் ஐஸ் தொழிற்சாலைக்குப் போயிருக்கிறாள். கையில் புத்தகம். பள்ளத்தை மூடியிருந்த உளுத்த பலகையில் கால் வைத்துவிட்டாள். தொடை எலும்பு முறிவு. நாலு மணி நேரம் கழித்துக் காவல்காரர் அழுகைச் சத்தம் கேட்டுத் தூக்கியிருக்கிறார்.

அந்த அம்மா நம்மைத் திட்டவில்லை, அக்கா. ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தார்: "விடை என்னன்னு எழுதி அனுப்புங்க. படுத்த படுக்கையா அதையேதான் கேக்கறா."

நான் வீட்டுக்கு வந்து அச்சடித்த புத்தகத்தை வைத்துக்கொண்டு போட்டுப் பார்த்தேன். எனக்கும் 'டுழுகிமூ'தான் வந்தது. நான் போட்ட புதிர், எனக்கே வரவில்லை! தூக்கக் கலக்கத்தில் போட்டேனா? எங்கே சறுக்கினேன்? அன்றிலிருந்து ஒரு புதிர்கூடப் போடவில்லை. இப்போது ஒரு கட்டட வரைபட அலுவலகத்தில் சேர்ந்திருக்கிறேன். படிக்கட்டுகளும் கழிவறைகளும் வரைகிறேன். யாரும் அதைப் பார்த்துப் புதையல் தேடப் போகமாட்டார்கள்.

உன் அலமாரியில் என் கைப்பிரதி இருக்கும். அந்தப் புதிரில் வரிக்கு வரி என்ன எழுதியிருக்கிறேன் என்று பார்த்துச் சொல். எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

சில்லு

*

ஜனவரி 24

அடி அசடே,

இதற்காகவா இரண்டு மாதம் பட்டினி போட்டாய்? எனக்கும் அந்தக் கடிதம் படித்து மனசு ஆறவில்லைதான். பதில் எழுத உட்கார்ந்தால் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நாள் ஓடிவிட்டது. ஆனால் யோசித்துப் பார். பூட்டிய இடத்துக்குள் ஒரு குழந்தை ஏறிக் குதித்தால் புத்தகமா பொறுப்பு? உளுத்த பலகையைப் போட்டு வைத்தவன் பொறுப்பு இல்லையா?

கைப்பிரதியைத் தேடினேன். வீட்டுக்கு வெள்ளையடித்தபோது எல்லாம் இடம் மாறிவிட்டது, எது எங்கே இருக்கிறது என்று சத்தியமாகத் தெரியவில்லை. கிடைத்துத்தான் என்ன ஆகப்போகிறது? தப்பு எல்லாரும் செய்வதுதான். உன்னை யாரும் குறை சொல்லவில்லை. அதையே நோண்டிக்கொண்டிருக்காதே.

கழிவறை வரைகிறாளாம்! உன் மாமா படித்துவிட்டு, "எட்டாவது புத்தகத்துல கப்பலுக்கும் ஒரு கழிவறை வேணும், கூப்பிடு அவளை" என்கிறார்.

முதல் மூன்று அத்தியாயம் அனுப்பியிருக்கிறேன். சும்மா படித்தாவது பார்.

அக்கா

*

பிப்ரவரி 6

அக்கா,

அத்தியாயம் வந்தது. பிரிக்கவில்லை. அலுவலகத்தில் ஒரு படிக்கட்டைத் தப்பாக வரைந்து, ஏறுகிறவன் சுவரில் முட்டிக்கொள்ளும்படி செய்துவிட்டேன். மேலாளர் தலையில் அடித்துக்கொண்டார். உட்கார்ந்தால் நிற்கத் தோன்றுகிறது, நின்றால் எங்காவது போகத் தோன்றுகிறது. கடைசியில் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி அந்தப் பெண்ணின் வீட்டுக்கே போய்விட்டேன்.

ஒரே அறை. வாசலை ஒட்டித் தையல் மிஷின், மேலே நூற்கண்டுகள் தொங்குகின்றன. அவளை வீட்டில் பட்டாசு என்று கூப்பிடுகிறார்கள். கட்டுப் பிரித்தாகிவிட்டது, ஆனால் கம்பு ஊன்றித்தான் நடக்கிறாள். நம் ஏழு புத்தகமும் கட்டில் தலைமாட்டில் வரிசையாக இருக்கின்றன. ஏழாவது மட்டும் பள்ளத்துத் தண்ணீரில் ஊறி உப்பிப்போய்க் கிடக்கிறது.

நான் யாரென்று சொன்னதும் எழுந்து உட்கார்ந்தாள். "நீங்கதான் புதிர் போடறவங்களா? நெசமாவா?"

"ஆமா."

"எனக்கு ஏன் வரல? பதினோரு தடவை போட்டேன். எங்க கிளாஸ்ல யாருக்குமே வரல. நான்தான் எல்லாத்துலயும் மொதல்ல போடுவேன். எனக்கே வரலன்னா மூளை மழுங்கிப் போச்சுன்னு சிரிக்கறாங்க."

"உனக்கு மூளை நல்லாத்தான் இருக்கு. புதிர்லதான் தப்பு. நான் தப்பா போட்டுட்டேன்."

அவள் முகம் போன போக்கைப் பார்த்திருக்கவேண்டும், அக்கா. பிறகு, "பொய் சொல்றீங்க. எனக்குக் கால் போச்சுன்னு பாவம் பாத்து சொல்றீங்க" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். விடையைச் சொன்னேன். "எப்படி வருதுன்னு போட்டுக் காட்டுங்க" என்றாள். பென்சிலை எடுத்தேன். எந்த வரியில் தப்பு என்று எனக்கே தெரியாதபோது எப்படிப் போட்டுக் காட்டுவேன்? மூன்று தடவை அழித்தேன். நாலாவது தடவை தாள் கிழிந்துவிட்டது. "பாத்தீங்களா, உங்களுக்கும் வரல" என்றாள்.

திரும்பும் வழியெல்லாம் பஸ்ஸில் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தேன். இனிமேல் எனக்குப் புதிர் வேண்டாம், அக்கா. உன் புத்தகத்துக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள். மனசார சொல்கிறேன்.

உன் தங்கை

*

பிப்ரவரி 10

சில்லு,

கைப்பிரதி கிடைத்தது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன். கைப்பிரதி தொலையவே இல்லை. என் மேஜையில்தான் இருந்தது.

நீ எழுதியது 'ஏழு கட்டம் வடக்கே'. அச்சில் இருப்பது 'ஏழு கட்டம் கிழக்கே'. மாற்றியது நான். கடைசி மெய்ப்பில், காலையில் வாண்டுகள் நடக்கும்போது சூரியன் முகத்தில் அடித்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. 'கிழக்கே நடந்தார்கள், வெயிலில் கண் கூசியது.' அந்த வாக்கியம் அழகாக இருந்தது. அதன் கீழே உன் புதிர் இருக்கிறது என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

ஆகஸ்டிலேயே எனக்குத் தெரியும். புதிர் தப்பு என்று ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் கார்டு போட்டிருந்தார். அடுத்த பதிப்பில் சத்தமில்லாமல் திருத்திவிடலாம் என்று விட்டுவிட்டேன். அப்புறம் அந்தத் தையல்காரம்மா கடிதம் வந்தது. அதன் பிறகு வாயைத் திறக்கப் பயம். நீயே தப்பு உன்னுடையது என்று எழுதியதும், என்னடி சொல்வது, ஒரு நிமிஷம் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. போன கடிதத்தில் 'சத்தியமாகத் தெரியவில்லை' என்று எழுதிய கை இதே கைதான்.

நீ அந்தக் குழந்தை முன்னால் தாள் கிழிய உட்கார்ந்திருந்தாய் என்று படித்த பிறகு சோறு இறங்கவில்லை.

அக்கா

*

பிப்ரவரி 14

மூன்று மாதம் நான் எனக்கே பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்று மாதம், அக்கா.

என்னிடம் மன்னிப்புக் கேட்டு எழுதாதே. படிக்கமாட்டேன். கேட்கவேண்டிய வீட்டு விலாசம் கீழே இருக்கிறது. நீயே போ. என்னை முன்னால் அனுப்பாதே, புத்தகக் கட்டு எதுவும் பரிசாகத் தூக்கிக்கொண்டு போகாதே.

*

மார்ச் 3

சில்லு,

போனேன். நீ சொன்னபடி வெறுங்கையோடு.

இரண்டு தடவை தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது தடவை அந்த அம்மாவே பார்த்துவிட்டு, "யாரைத் தேடறீங்க?" என்றார். சொன்னேன். உட்காரச் சொல்லவில்லை. மிஷினை நிறுத்திவிட்டு, "நான் லெட்டர் போட்டப்பவே ஒரு வரி எழுதியிருந்தா போதுமேம்மா. அவ இத்தன நாளு தன்னையே திட்டிக்கிட்டுக் கெடந்திருக்கமாட்டா" என்றார். என் வாழ்க்கையில் யாரும் என்னை அவ்வளவு மெதுவாகத் திட்டியதில்லை.

பட்டாசு கம்பை ஊன்றிக்கொண்டு வந்து நின்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். உன் கைப்பிரதியையும் காட்டினேன்.

"அப்ப அந்த மிஸ் ஏன் தான்தான் தப்பு பண்ணினேன்னு சொன்னாங்க?"

"அவளுக்குத் தெரியாது. நான் அவகிட்ட மறைச்சுட்டேன்."

"ஏன்?"

"பயம்."

"நீங்க பெரியவங்கதானே?"

கைப்பிரதியை அவளிடம் நீட்டினேன். அவள் கைப்பிரதியை வாங்கித் தரையில் விரித்து, விரலால் நகர்ந்து நகர்ந்து எழுத்துகளைக் கூட்டினாள். சொல் வந்தது. சிரிப்பாள் என்று நினைத்தேன். உதடு பிதுங்கி ஓவென்று அழுதாள். "நான் போட்டது சரிதான்... பதினோரு தடவையும் சரியாத்தான் போட்டேன்..." அவள் அம்மா அவளை இழுத்து அணைத்துக்கொண்டார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அழுது முடித்ததும் உப்பிப்போன ஏழாவது புத்தகத்தை எடுத்து வந்தாள். கையெழுத்து கேட்கிறாளோ என்று பேனாவை எடுத்தேன். "பேரெல்லாம் வேணாம். 'கிழக்கே'ய அடிச்சிட்டு 'வடக்கே'ன்னு எழுதுங்க." எழுதினேன். கீழே இருந்த வெயில் வாக்கியத்தையும் அடிக்கச் சொன்னாள். அடித்தேன்.

"எதிர் வீட்டு அக்காகிட்ட ஒண்ணு இருக்கு. ஸ்கூல்ல நாலு. லைப்ரரில ரெண்டு. எல்லாத்துலயும் எழுதணும். அப்பதான் நம்புவாங்க." ஒவ்வொரு இடத்துக்கும் கம்பைத் தட்டிக்கொண்டு அவளே கூட்டிப் போனாள். வகுப்பில் என்னை நிறுத்தி, "இவங்கதான் தப்பு பண்ணினது, நான் இல்ல" என்று அறிமுகம் செய்து வைத்தாள். லைப்ரரிக்காரர் மட்டும் ஓடி வந்து, "புத்தகத்துல கிறுக்காதீங்கம்மா!" என்று பிடுங்கினார். "நான்தான் சார் இதை எழுதினேன்" என்றேன். "யாரா இருந்தா என்னம்மா, கிறுக்கினா கிறுக்கல்தானே?" என்று கடுகடுத்தார். பட்டாசு இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவருக்கு விளக்கினாள். கடைசியில் அவரே பேனா கொடுத்தார்.

இப்போது மற்ற பள்ளிகளுக்கும் போகிறேன். பதிப்பாளரிடம், திருத்தச் சீட்டு கடைகளுக்குப் போகாமல் எட்டாவது வராது என்று சொல்லிவிட்டேன். குதிக்கிறார். குதிக்கட்டும். அடுத்த சனிக்கிழமை பத்து மணிக்கு ஒரு பள்ளிக்குப் போகவேண்டும், பதினேழு பிரதிகள் இருக்கிறதாம்.

நீ மன்னிப்புக் கேட்காதே என்றதால் கேட்கவில்லை. நடந்ததை மட்டும் எழுதினேன்.

அக்கா

*

மார்ச் 9

அக்கா,

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு உன் வீட்டுப் பக்கத்து பஸ் நிறுத்தத்தில் நிற்பேன். பதினேழு பிரதியை நீ ஒருத்தி திருத்தினால் பாதியில் வேறு ஏதாவது அழகாகத் தோன்றி, அதையும் மாற்றி வைத்துவிடுவாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன்.

மாமாவைக் கூட்டிவராதே. அவர் சிரிக்க வைப்பார், எனக்கு இன்னும் சிரிக்க வரவில்லை.

எட்டாவது புத்தகத்தைப் பற்றி வழியில் ஒரு வார்த்தை பேசினாலும் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்தே வீட்டுக்குப் போய்விடுவேன். திரும்பும்போது பேசலாமா என்று திரும்பும்போது சொல்கிறேன்.

கோபம் தீராத,
சில்லு