மேசைக்கு அடியில் கட்டில்

லீலாவதிக்கு,

நேற்று சசிகலா போன் செய்தாள். "அப்பா, இடுப்புல ஆபரேஷன் ஆனப்புறம் அம்மாவால மாடி ஏற முடியாது. கீழ் ரூம்ல அந்த பொம்மை ரயில் மேசையப் பிரிச்சுப் போட்டாத்தான் கூட்டிட்டு வருவேன். இல்லன்னா பெரம்பலூர்லயே என்கூட இருக்கட்டும்" என்றாள். பெற்ற மகள் எனக்குக் கெடு வைக்கிறாள்.

பொம்மையாம். செந்துறையிலிருந்து சில்லக்குடி வரை தண்டவாளத்தை ஒட்டி நடந்து பார்த்து, யாரிடமும் கேட்காமல் நானே வரைந்து செய்த பாதை. பாதி மேசையையாவது அறுத்துவிடு என்கிறாள். அறுத்தால் மேசைமேல் இருக்கும் அரியலூர் ஸ்டேஷனில் சிமென்ட் வண்டி முழுதாக ஒதுங்கி நிற்க இடமிருக்காது. பின்னால் வரும் எக்ஸ்பிரஸ் எந்த வழியாகப் போகும்? பொய்யாக ஒரு ஸ்டேஷன் கட்ட என்னால் ஆகாது.

மேசைக்கு அடியிலேயே கட்டிலைப் போடலாம் என்று சொன்னேன்.

"அம்மா என்ன நெல்லு மூட்டையாப்பா?" என்று கத்திவிட்டு போனை வைத்துவிட்டாள். வைப்பதற்கு முன்னால், அவள் பக்கத்தில் நீ சிரித்தது கேட்டது. இருமினாயோ என்னவோ.

இன்று மேசைக் கால்களுக்குக் கீழே செங்கல் அடுக்கி உயர்த்திவிட்டேன். அடியில் கட்டிலில் நீ எழுந்து உட்கார்ந்தாலும் தலை இடிக்காது. நானே உட்கார்ந்து பார்த்தேன். ஆனால் மேலே பாதை என் கைக்கு எட்டவில்லை. வண்டி தடம் புரண்டால் எடுத்து வைக்க முடியாது என்பதால் எதையும் ஓட்டவில்லை.

நீ வரமாட்டாய் என்று தெரியும். செங்கல்லை எடுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
அரியலூரை விட்டு நகராத உன் வீட்டுக்காரன்