ஆடியில் சுறா வரும் என்று சொன்னேன்

ஜூலை 3, வெள்ளி

காலையிலிருந்து தூறல். ஜீப்பில் ஒரு பக்கத்து வைப்பர் ஓடவில்லை. மாற்ற வேண்டும்.

தேவிகுளம் சவாரி. பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து சார் ஒருவர், தனியாக. புதுத் தூண்டில் வாங்கியிருக்கிறாராம், வழி முழுக்க மீன் பேச்சு. என் உள்ளங்கைத் தழும்பைப் பார்த்துவிட்டார். வாய் சும்மா இருந்ததா? "சுறா இழுத்த தூண்டில் நரம்பு அறுத்தது சார். தூத்துக்குடியில ரெண்டு வருசம் இருந்தேன்." எல்லாச் சவாரிக்கும் விடும் அதே கதை.

"ஏனுங்க, கரையில நின்னே சுறா புடிக்கோணும்னா எந்த மாசமுங்க நல்லது?"

இதுவரை யாரும் கேட்டதில்லை. இங்கே ஆற்றில் புதுவெள்ளம் வந்தால் மீன் ஏறும், கூடையாலேயே அள்ளலாம். கடலும் அப்படித்தானே இருக்கும்? "ஆடி சார். முதல் வாரம். தண்ணி கலங்கணும். சுறா காலடிக்கே வரும்."

போனில் குறித்துக்கொண்டார். என் நம்பரையும்.

ஜூலை 5, ஞாயிறு

வைப்பர் இன்னும் மாற்றவில்லை. எஸ்டேட் லயத்துக்கு மீன்கார அந்தோணி வந்தார், குளச்சல்காரர். மத்தி அரைக் கிலோ. சும்மா கேட்பதுபோல் கேட்டேன்.

"ஆடியிலயா? வள்ளமே எறக்க மாட்டோம். கரையில நிக்கவன அலை கால வாரிக் கொண்டு போவும். மழை அடங்கி, கடல் தெளியணும். கார்த்திகைக்கு மேல பாரும்."

"உங்களுக்குத் தெரியாததா? அவர்ட்டப் போய்க் கேக்கீங்க," என்றாள் செல்வி. பெருமையாகத்தான் சொன்னாள். பெண் பார்க்கப் போன அன்றே அவளுக்கும் தூத்துக்குடிக் கதைதான். வருசா வருசம் கன்னியாகுமரிக்குக் கூட்டிப்போகச் சொல்லிக் கேட்பாள், நான் ஜீப்பைச் சாக்குச் சொல்வேன்.



ஜூலை 8, புதன்

கொழிஞ்சாம்பாறை சாரின் குரல் செய்தி. "பையன் துபாய்ல இருந்து வர்றானுங்க. நீங்க சொன்னீங்கன்னு லீவையே ஆடிக்கு மாத்திப்போட்டான். பதினெட்டாந் தேதி ரெண்டு பேரும் கடல்ல நிக்கறோம்."

கட்டைவிரல் படம் அனுப்பினேன். தூ.

சொல்ல வேண்டியவை: 1. ஆடி வேண்டாம். 2. கார்த்திகை. 3.

ஜூலை 16, வியாழன்

நாளை ஆடி பிறக்கிறது. விடியற்காலையிலிருந்து பெருமழை. எட்டு நாளாக நாளை, நாளை என்று தள்ளிய போன். சிக்னல் அடுப்படி ஜன்னலில்தான் கிடைக்கும். செல்வி அங்கே சோறு வடித்துக்கொண்டிருந்தாள். அவள் போகட்டும் என்று நின்றேன். போகவில்லை.

"சார், மாசத்த மாத்திச் சொல்லிட்டேன். ஆடியில அலை ஆள இழுத்துரும்."

சிரித்தார். "சுறா புடிச்சவரு நீங்களே பயந்தா எப்படிங்க? ஓரமா நின்னுக்கறோமுங்க."

கேட்கமாட்டார் என்று தெரிந்தது. வேறு வழியில்லை.

"சார், நான் சுறா பிடிச்சதில்ல. தூத்துக்குடி போனதில்ல. கடலையே பாத்ததில்ல. அந்த ரெண்டு வருசமும் கம்பம் டவுன்ல ஓட்டல்ல எச்சில் எல எடுத்தேன்."

 "எம்பையன் நேத்தே வந்துட்டானுங்க. சரி, போவலீங்க." வைத்துவிட்டார். திட்டியிருக்கலாம்.

திரும்பினால் செல்வி. சட்டியை இறக்கிவிட்டு என் கையைப் புரட்டிப் பார்த்தாள்.

"அப்ப இது?"

"கவாத்துக் கத்தி. தேயிலை வெட்டுறப்ப."

"அதான் ஒரு தடவகூட என்னயக் கடலுக்குக் கூட்டிட்டுப் போகலையா?"